ஏரிக்கரை வளைவில் கொள்ளு

என் அக்காள் புருஷன் சூசை கிருஷ்ணகிரியில் டாக்சி ஓட்டினார். அறுபத்தெட்டாம் வருஷம் அவரிடம் இருந்தது ஒரு பழைய அம்பாசடர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பார், டயரைத் தடவிப் பார்க்காமல் வண்டி எடுக்கமாட்டார். வாய் மட்டும் கொஞ்சம் கெட்ட வாய். ரோட்டில் தானியம் பரப்புகிறவர்களைக் கண்டால் இன்னும் கெட்டுவிடும். அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அதே எரிச்சல்தான்.

தை பிறந்தால் போதும், குந்தாரப்பள்ளிப் பக்கம் தார் ரோடெல்லாம் கொள்ளுச் செடி. லாரியும் பஸ்ஸும் ஏறி மிதித்தால் மணி உதிர்ந்துவிடும், மாடு கட்டிப் போரடிக்க வேண்டியதில்லை. நேர் ரோட்டில் போட்டாலாவது தூரத்திலேயே தெரியும். கோவிந்தப்பன் என்ற விவசாயி ஏரிக்கரை வளைவில்தான் போடுவார். அங்கே வண்டிகள் மெதுவாகப் போகுமாம், நன்றாக மிதிபடுமாம்! சூசை எத்தனையோ தடவை இறங்கிச் சண்டை போட்டிருக்கிறார்.

"உங்கப்பன் ஊட்டு ரோடா?" என்று திருப்பிக் கேட்பார் அந்த மனுஷர்.

ஒருநாள் காலை, ஓசூரிலிருந்து காலியாக வந்த டாக்சியை அதே கோவிந்தப்பன் ஊர் எல்லையில் கைகாட்டி நிறுத்தினார். மகள் முனிலட்சுமிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். உடனே கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

"வளைவுல கொள்ளு கிடக்குதா?" என்றார் சூசை.

"வாரிட்டேன், வாரிட்டேன். நீ ஓட்டு."

முனிலட்சுமியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, சூசை நம்பி விரட்டினார். வளைவில் திரும்பினால் எதிரே ரோடு நிறையக் கொள்ளு! பின்சக்கரம் வழுக்கி வண்டியின் பின்பக்கம் ஏரியை நோக்கிப் போயிற்று.

"பிரேக்க மிதிய்யா!" என்று அலறி, பக்கத்தில் இருந்த கோவிந்தப்பன் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பாய்ந்தார். சூசை முழங்கையால் ஒரே இடி இடித்துத் தள்ளினார். பிரேக்கை அவர் தொடவே இல்லை. மிதித்திருந்தால் சக்கரம் இறுகி, வண்டி நேரே தண்ணீருக்குள் போயிருக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். பின்பக்கம் வழுக்கிய திசைக்கே ஸ்டியரிங்கைத் திருப்பி, வண்டி நிமிர்ந்ததும் மெல்ல நேராக்கினார். கரைக்கல்லில் உரசிக்கொண்டு வண்டி வெறும் தாரைப் பிடித்தது.

"வாரிட்டேன்னியே, பாவி!"

"சொன்னா மெதுவாப் போவியேன்னுதான்..."

இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான்.

தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. வீட்டுக்குத் திரும்பவும் சூசை அண்ணன் வண்டிதான் வேண்டும் என்றாள் முனிலட்சுமி. ஏரிக்கரை வளைவுக்கு வந்தால், மறுபடியும் கொள்ளு. நடுரோட்டில் நின்று கோவிந்தப்பன் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். சூசை வண்டியை நிறுத்தி வாயைத் திறக்கும் முன்பே அவள் பிள்ளையோடு இறங்கி அப்பனிடம் போய்விட்டாள்.

"இந்தா, உன் பேரன். தூக்கிக்கினு இங்கியே நில்லு. அண்ணா, நீங்க வண்டிய எடுங்க."

சூசை என்ஜினை உறுமவிட்டார். கோவிந்தப்பன் பேரனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடினார்.

"ஏம்ப்பா ஓடற?" என்றாள் மகள். "வளைவுல வண்டி மெதுவாத்தானே வரும்?"