வெள்ளைச் சோறு

மகள் கொடுத்த ஆவாரம்பூ டீ நாக்கில் துவர்த்ததும் அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் கிணறு நினைவுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் தோல் பதனிடும் கிடங்கு. அங்கே ஆவாரம்பட்டையில் தோல் ஊறும் குழியின் தண்ணீர் கிணற்றில் கசிந்து, எங்கள் வீட்டுச் சோறு எப்போதும் பழுப்பாக, துவர்ப்பாகவே இருக்கும்.

ஒருநாள் அம்மா அந்தச் சோற்றைத் தட்டோடு கொண்டுபோய், "ஒரு வாய் துன்னு பாருங்க மொதலாளி" என்று கிடங்குக்காரரிடம் நீட்டினாள். அவர் தொடவில்லை. ஆனால் அந்தக் குழியை மூடிவிட்டு, வேறு குழியை வெகுதூரம் தள்ளி வெட்டினார். நாங்கள் கிணற்றை இறைத்துத் தூர் வாரினோம்.

இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்த நைனா கத்தினார்: "இன்னாடி, சோறு வேகவே இல்ல? வெள்ளையா கீது!"

அம்மா ஒரு பருக்கையை நசுக்கிக் காட்டிவிட்டுச் சிரித்தாள். நைனா மூன்று முறை சோறு கேட்டு வாங்கினார்.

"துவர்க்குதாப்பா?" என்றாள் மகள்.

"துவர்க்குது. டீதானே, சோறு இல்லியே" என்று குடித்து முடித்தேன்.