வெள்ளிக்கிழமையை மறந்த திட்டம்

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் கணவரும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தோம். எனக்குத் தலைப்பிரசவம். குழந்தை கால் கீழாக இருந்ததால், வலி எடுத்ததும் வேலூருக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். துணிப்பை, ஆஸ்பத்திரி அட்டை, ரத்தம் கொடுக்க இருவர். முதல் வரி, 'கம்பெனிக்கு போன் செய்தால் வேன் வரும்'. சூப்பர்வைசரே சொன்னது.

வலி வந்தது வெள்ளிக்கிழமை மதியம். எங்கள் ஊர்க் கம்பெனிகளுக்கு அன்றுதான் விடுமுறை. வாரம் முழுக்க வேலைக்குப் போன எனக்கு, தாளில் எழுதும்போது அந்த ஒரு நாள் நினைவுக்கே வரவில்லை! கணவர் ஆலங்காயத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டுக்கார அம்மா போன் செய்துகொண்டே இருந்தார், யாரும் எடுக்கவில்லை. அதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஜும்மா தொழுகை நேரம் என்பதால் தெருவில் ஓர் ஆட்டோகூட இல்லை.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா மசூதி வாசலுக்கே ஓடினார். தொழுகைக்காகக் கைகால் கழுவிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஈரக்கையோடு வந்தார்.

"தொழுகை போச்சே பாய்" என்று அழுதேன்.

"அத்த நான் பாத்துக்கறேன். நீ கம்பிய கெட்டியா புட்சிக்கோம்மா."

பள்ளிகொண்டா தாண்டும்போது எனக்குக் கண் இருட்டியது. போனதுமே ஆபரேஷன். "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா குழந்தை இல்லம்மா" என்றார் டாக்டர்.

இப்போது எங்கள் தெருவில் யார் உண்டானாலும், அவர்கள் ஏற்பாட்டையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்பேன்:

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வலி வந்தா இன்னா பண்ணுவே?"