மைக்கேல் சார் நேராக்கவிடாத ஓரம்

வியாழக்கிழமை காலை ராயபுரம் டீக்கடையில் நிற்கும்போது சாவுச் செய்தி வந்தது. "நைனா, உங்க மைக்கேல் சார் பூட்டாரு." முந்தாநாள்கூடப் போனில் என்னைத் திட்டிய மனிதர்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

துறைமுகத்துக் கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று காட்டும் சாஃப்ட்வேரைச் செய்த சின்ன கம்பெனி எங்களுடையது. அதை இயக்கச் சொல்லித்தரும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அமைத்தவர் சார். நான் டீ வாங்குபவன், தாள் சுமப்பவன்.

சேர்ந்த முதல் வாரமே என் உயிரை வாங்கினார். ஒரு தாளை நீட்டி, "எங்க ஓட்டை கீது, காட்டு" என்றார்.

"படிக்கத் தெரியாது சார்."

"அதுக்குத்தான்யா கூப்ட்டேன். படிச்சவன் எழுத்தைப் பாப்பான். நீ நடுவுல கீற வெள்ளையைப் பாரு."

அன்றிலிருந்து தாளுக்கு ஒரு டீ ஆறிப்போனது.

வரிகளின் இரண்டு ஓரமும் மதில் போல நேராக நிற்க வேண்டும் என்பார் முதலாளி. நேராக்கினால் கம்ப்யூட்டர் சொற்களுக்கு நடுவே இடத்தை இழுத்துவிடும்; அதுதான் சார் சொல்லும் ஓட்டை. வலது ஓரம் கோணலாக இருக்கட்டும், இடைவெளி சமமாக இருக்கட்டும் என்பார் சார். இருவருக்கும் நடுவில் என் காது புண்ணானது.

ஒருமுறை சாருக்குத் தெரியாமல் முதலாளி மொத்தப் புத்தகத்தையும் நேராக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டார். கன்டெய்னர் யார்டில் ஒருவர் புத்தகத்தில் கண்ட இடைவெளிக்கு ஏற்ப ஸ்பேஸ் பட்டனை மூன்று முறை தட்டினார். அந்த சாஃப்ட்வேர் ஒரு தட்டுக்கு மேல் ஏற்காது; கன்டெய்னர் இருக்கும் இடத்தைக் காட்டவில்லை. எண்ணூர் சாலையில் லாரிகள் வரிசைகட்டின. பழி அந்த ஆள்மேல்.

"அவன் தப்பா தட்டல. நாம காட்னத தட்னான்" என்று சார் சண்டை போட்டு, அந்த ஆளின் வேலையைக் காப்பாற்றினார். பிறகு எல்லாப் பக்கத்தையும் மாற்றினார். வெள்ளை பார்த்துப் பார்த்து என் கண்ணில் நீர் வழிந்தது. "இன்னொருக்கா பாரு" என்றார், இரக்கமே இல்லாமல்.

சார் போன வியாழன் மதியம் கம்பெனி ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் தெருமுனையில் பார்த்தேன். இரண்டு ஓரமும் நேர். சொற்களுக்கு நடுவில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அதை அடித்த திருவொற்றியூர் அச்சகத்துக்கு ஓடினேன்.

"எவன்யா இத நேராக்கினவன்?"

"நேராத்தானே நைனா கீது?"

"அதான் தப்பு. அவரு பாத்தா எந்திரிச்சு வந்துடுவாரு."

முனகிக்கொண்டே மாற்றித் தந்தார்கள். மறுநாள் சாரைத் தூக்கிச் செல்லுமுன் பழையதன்மேல் நானே புதியதை ஒட்டினேன். வலது ஓரம் கோணல்மாணலாக நின்றது.

பார்த்துவிட்டேன் சார். இரண்டு தடவை பார்த்தேன். ஓட்டை இல்லை. நிம்மதியாகப் போங்கள்.