ரெண்டு வோல்ட்டின் விருந்தினர்

இருட்டறையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல்தான் தனஞ்சயன் கீபோர்டில் கை வைப்பார். எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியாமல் விரல் தடவும். பிழையான சத்தம் வந்தால் அதுதான் ஸ்டைல் என்பார். துறைமுகத்தைப் பார்த்த வீட்டின் முன்னறை அது. வெளியே கடற்படைப் படகு உறுமினால் அதையும் பதிந்துகொள்வார். பாட்டில் சேர்த்தபிறகு அது உழுந்தரைக்கும் மெசின்போலக் கேட்கும்.

வயது முப்பத்து நாலு. தான் பிறக்கும் முன்பே முடிந்துபோன எண்பதுகளின் மீது அவருக்குத் தீராத காதல். தோள் தூக்கிய மினுங்கல் சட்டை, பழைய டிரம் மெசின், மனிதக் குரலை இயந்திரக் குரலாக நெளிக்கும் பெட்டி, எல்லாம் அந்தக் காலத்து எலெக்ட்ரோ ஃபங்க் இசைக்காக. சண்டை நடந்த எண்பதுகளில் திருகோணமலையில் பொழுதுபட்டால் நாய்கூட றோட்டுக்கு வராது என்று தாய் குணேஸ்வரி சொல்லிப் பார்த்தார்.

"அது வேற எண்பது, அம்மா" என்றார் மகன்.

குழுவில் இரண்டே பேர். பெயர் 'ரெண்டு வோல்ட்'. மற்ற வோல்ட், கிண்ணியாவைச் சேர்ந்த ஜெமீல். மெட்டு, தாளம், கருகிப்போன வயரை ஒட்டுவது எல்லாம் ஜெமீலின் பொறுப்பு. கண்ணாடி தனஞ்சயனின் பொறுப்பு.

புதிய அல்பத்தில் ஏழு பாட்டு. ஏழையும் வெளியாட்கள் ஏழு பேர் பாடவேண்டும் என்பது தனஞ்சயனின் ஏற்பாடு. வருகிறவர்களுக்கு மெட்டுப் பழக்குவதற்காக ஒவ்வொரு பாட்டையும் ஜெமீல் முதலில் பாடிப் பதிந்து வைப்பார். விருந்தினர் பாடி முடித்ததும் தனஞ்சயன் அதை அழித்துவிடுவார். குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி வந்த பாடகி சிவாஜினி, ஜெமீல் பாடியதைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

"இதே வடிவாத்தானே இருக்கு, அண்ணா. பிறகேன் நான்?"

மெசின் சூடாகிவிட்டது என்று தனஞ்சயன் எழுந்து போனார்.

ஜெமீல் ஒருமுறைதான் வாய்விட்டுக் கேட்டார். "ஒரு பாட்டையாவது நான் படிக்கட்டா, மச்சான்?"

"உன்ர குரல் வீட்டுக் குரல், மச்சான். வெளி ஆக்கள் படிச்சாத்தான் சனம் திரும்பிப் பாக்கும்."

வெளியீட்டு நாளை முகநூலில் தடபுடலாக அறிவித்தபிறகு, ஏழாவது பாட்டுக்குப் பேசிவைத்த கொழும்புப் பாடகர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வேறு வழியில்லை. ஜெமீலின் குரல் அழிபடாமல் தப்பியது அப்படித்தான். ஜெமீல் வயர்களைச் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார். போகும் வழியில் கிண்ணியாப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி மனைவி நஸ்ரியாவுக்குச் சொன்னாராம். பேரோடு வருமா என்று நஸ்ரியா கேட்டாராம்.

பேரோடுதான் வந்தது. அட்டையில் 'ரெண்டு வோல்ட்' என்ற பெயருக்குக் கீழே கண்ணாடியோடு தனஞ்சயன் மட்டும் நிற்கிறார். எண்ணம், இசை, ஒழுங்கமைப்பு என்று எல்லாவற்றுக்கும் எதிரே அவர் பெயர். அடியில் 'விருந்தினர் குரல்கள்' என்று ஏழு பேர். கடைசியில் ஜெமீல்.

சிவாஜினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வீட்டுக்காரருக்கே விருந்து வைச்சிட்டீங்கள்."

"பாட்டுப் படிச்சவை எல்லாரும் விருந்தினர்தானே. ஒரு ஒழுங்கு வேணும்" என்றார் தனஞ்சயன். பகிடிக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் ஜெமீல் வந்தார். இத்தனை வருடமும் பின்கதவால் நுழைந்து, குசினியில் தானே தேத்தண்ணி ஊற்றி, தனஞ்சயனுக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைக்கிறவர். அன்றைக்கு முன்வாசல் கேற்றடியில் நின்றார். கையில் ஒரு பிஸ்கட் பெட்டி.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

தனஞ்சயன் பெட்டியை வாங்கிக்கொண்டார். "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லி, விறாந்தையில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்து, கையால் தூசு தட்டிப் போட்டார்.