தப்பு எங்களுடையது

குத்தாலத்திலிருந்து வைரக்கண்ணு என்ற விவசாயி போன் செய்தபோது எழில்மொழி வேலைக்குப் புதிது. திருக்காட்டுப்பள்ளிக்காரி, நடவு வேலைக்குப் போன குடும்பத்தில் முதல் பட்டதாரி. அறுவடை மெஷினை முன்பதிவு செய்யும் செயலியை நடத்துகிற தஞ்சாவூர்க் கம்பெனி ஒன்றில் புரோகிராமர்.

"பதிவாயிடுச்சுன்னுதாம்மா காட்டுச்சு. மெஷின் வரவே இல்ல. நேத்து மழையில கதிரு மொத்தமா சாஞ்சிடுச்சு."

அவர் கோபப்படாமல் பேசியதுதான் அவளைச் சுட்டது.

செயலியின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் திறந்து பார்த்தாள். அவருடைய பதிவு சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆனால் எந்தப் பிழை வந்தாலும் அதை விழுங்கிவிட்டு 'பதிவானது, நன்றி' என்று காட்டும்படி அவளுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் எழுதி வைத்திருந்தார்.

அன்றே பிழைகளை இனம் பிரிக்க உட்கார்ந்தாள். சிக்னல் இல்லாதது வேறு, மெஷின் காலி இல்லாதது வேறு, கம்பெனியே சொதப்புவது வேறு. பிழை எங்கே எழுந்தாலும், செயலியின் அடிக்கட்டமைப்பான ஃப்ரேம்வொர்க்கில் ஒரே இடத்துக்கு வந்து சேரும்படி செய்தாள். நடந்தது என்ன, இனி என்ன செய்யலாம் என்று அங்கே நல்ல தமிழில் எழுதினாள். கடைசி வகைக்கு அவள் எழுதியது: 'உங்கள் பதிவு சேரவில்லை. தப்பு எங்களுடையது. உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.'

மேனேஜர் அரவிந்தன் அதைப் படித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"எந்தக் கம்பெனியாவது இப்படிப் போடுமா? எடுத்துடுங்க."

"எடுக்க மாட்டேன் சார்."

"நான் சொல்றேன்ல?"

"நீங்களே எடுத்துக்குங்க. ஆனா அடுத்து கதிரு சாஞ்சவங்க கூப்பிட்டா நீங்கதான் பேசணும். நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவர் எடுக்கவில்லை. மாற்றிய செயலியை வெளியிட்ட வாரமே ஆபீஸ் போன் ஓயாமல் அடித்தது.

"பாத்தீங்களா? முன்னாடி ஒரு கால் வராது," என்றார்.

"முன்னாடி அவங்களுக்குத் தெரியாது சார்."

தண்டனைபோல அந்தப் போனை அவள் மேசைக்கே மாற்றிவிட்டார். அவளும் வாங்கி வைத்துக்கொண்டாள். குறுவை அறுப்பு முடியும்வரை தோளுக்கும் காதுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கியபடியே நிரல் எழுதினாள். ஒருநாள் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து காத்தாயி என்ற அம்மாள் கூப்பிட்டாள்.

"சேரலன்னு காட்டுதும்மா. வானம் வேற கறுத்துக்கிட்டு வருது."

"வயல் எங்கன்னு சொல்லுங்கம்மா, நானே மெஷின்காரர்கிட்ட பேசுறேன்."

மழைக்கு முன்னால் மெஷின் வயலில் இறங்கிவிட்டது. சம்பா அறுப்பு தொடங்குமுன் அரவிந்தன் அந்த வரியை எடுத்துவிடலாமா என்று இன்னொரு முறை கேட்டார். எழில்மொழி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "இருக்கட்டும் சார்."