ஊசி முனைக்குத் தொண்ணூறு நாள் சோறு

கோவளத்தில் சைதூன் ரஜாய்ப் போர்வை தைக்க உட்கார்ந்தால் கூரைமேல் காக்கைகூடக் கத்தாது என்பார்கள். அவள் போடும் ஓட்டுத்தையல் அவ்வளவு நேர். கேளம்பாக்கம் ரோட்டையே அவள் தையலைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் போட்டான் என்று தெருவில் ஒரு பேச்சு. அந்த ரோடு அவள் பிறப்பதற்கு முன்பே இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. சைதூன் சுத்தமாகப் பொருட்படுத்தவில்லை.

கல்யாணம் நிச்சயமான வீட்டில், பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற ரஜாயை எட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து இரண்டே நாளில் தைத்து முடிப்பது அந்தத் தெருவின் வழக்கம். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சைப் பரப்பி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். தலைமாட்டில் உட்காருகிறவளுக்குத் தலைத்தையல் என்று பெயர். கோடு போடுவது அவள். வேலை முடிந்ததும் பிஸ்மில்லா சொல்லி, வெறும் உள்ளங்கையால் ரஜாய் முழுவதையும் அழுத்தித் தடவிப் பார்ப்பதும் அவள்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் படுக்கிற இடத்தில் ஒரு பஞ்சுவிதைகூட உறுத்தக் கூடாது. பதினோரு வருஷமாக அந்தத் தலைமாடு சைதூனுடையது. அதன்மேல் பதினோரு வருஷமாகக் கண் வைத்திருந்தவள் சுல்தான் பீவி. சைதூனின் புருஷன் நூர்முகமதுவுக்கு மூத்தவரின் சம்சாரம், அடுத்த வீடு.

1955-ம் வருஷம் தை மாதம், மீன்வலைக்காரர் வீட்டுப் பெண் ஒருத்திக்குத் தைத்தார்கள். முடிந்ததும் ஊசி எண்ணும் வேலை சந்திரம்மாவுடையது. சாயபு வீடானாலும் சரி, செட்டியார் வீடானாலும் சரி, தையல் என்றால் முதலில் வந்து நிற்கிற, பாதிக் காது கேளாத பக்கத்துத் தெருக்காரி. ஊசிகளை ஒரு சிவப்பு நூலில் கோத்து எண்ணுவார்கள். எட்டு ஊசி போனது, எட்டுக் காதும் நூலில் ஏறிவிட்டது. காதை எண்ணினார்களே தவிர முனையை எவரும் எண்ணவில்லை. எண்ணிப் பழக்கமும் இல்லை.

சைதூன் பிஸ்மில்லா சொல்லிக் கையை ஓட்டினாள். மூன்றாவது வரிசையில், பஞ்சுக்குள் நிமிர்ந்து நின்ற முனை அவள் வலது கட்டைவிரலின் அடிச்சதையில் முழுசாக இறங்கியது.

இரண்டு நாளில் கை பலாப்பிஞ்சாகிவிட்டது. செங்கற்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் வாசுதேவன் கீறி, சீழோடு அந்த முனையை எடுத்து, முழங்கைவரை கட்டுப் போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் சைதூன் செய்த முதல் வேலை சிவப்பு நூலைக் கேட்டு வாங்கியதுதான். ஏழு ஊசிகள் ஒழுங்காக இருந்தன. எட்டாவது மொட்டை. மற்றவை கடைத்தெரு ஊசி. இது நீள ஊசி, பட்டணத்திலிருந்து சுல்தான் பீவியின் தம்பி வாங்கி வந்தது. சைதூனுக்கு நடந்தது முழுதும் கண்ணுக்கு முன்னால் ஓடியது. கல்யாண ரஜாயில் ஊசி உடைத்தால் அபசகுனம். உடைத்தவளை எழுப்பி ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குப் பயந்து, உடைந்த முனையைத் தேடிக் காணாமல், மொட்டை ஊசியைச் சத்தமில்லாமல் சந்திரம்மாவிடம் நீட்டிவிட்டாள் சுல்தான் பீவி. யார் கை ஓட்டப்போகிறது என்று அவளுக்குத் தெரியாதா.

சைதூன் நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பகல் சாப்பாட்டு வேளைக்கு, கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய், பாயில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்குப் பொம்பளப் புள்ள இல்ல. அவரு வியாபாரத்துக்குப் போனா வாரம் ஒருக்காதான் வூட்டுக்கு வர்றாரு. இடது கையால துன்ன முடியுமா, சொல்லு."

சுல்தான் பீவியின் முகம் வெளுத்தது. குற்றமுள்ள நெஞ்சு, மறுத்தால் கேள்வி வரும். சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

"இன்னா அக்கா, உப்பே இல்ல," என்றாள் சைதூன்.

மறுநாளிலிருந்து மீன் வாங்கி அனுப்புவதைச் சைதூனே ஏற்றுக்கொண்டாள். முள்ளுவாளை அனுப்புவாள். அது கிடைக்காத நாளில் காரப்பொடி அனுப்புவாள். விரல் நீளக் காரப்பொடியை அப்படியே மென்று தின்பதுதான் ஊர் வழக்கம். சைதூனுக்கு மட்டும் தொண்டையில் குத்துமாம். சுல்தான் பீவி ஒவ்வொரு மீனாகக் கண்ணுக்கு நேரே பிடித்து முள் எடுத்தாள். அவள் எடுத்த முள்ளை மட்டும் சேர்த்திருந்தால் கோவளத்திலிருந்து மாமல்லபுரம்வரை வேலி போட்டிருக்கலாம். சாப்பாடு முடிந்தால் தலை வாரவேண்டும். வாரி முடிந்தால் பேன். அதுவும் முடிந்தால் முதுகில் கைக்கு எட்டாத ஓரிடம் அரிக்கும்.

"கொஞ்சம் மேல, அக்கா. இல்ல, கீய. நீ இன்னா, எங்கயோ பாத்துகினு சொரியற."

மூன்றாவது வாரம் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். புண் ஆறியிருந்தது. "இனிமேல் கட்டு வேண்டாம்மா. கோதுமை மாவைப் பிசைஞ்சு உருட்டி, தினம் நூறு தடவை கட்டைவிரலால் அழுத்தணும். வலிக்கும், விடக்கூடாது. சும்மா வெச்சிருந்தா விரல் இறுகிப்போயிடும். அப்புறம் நானே நினைச்சாலும் மடக்க முடியாது," என்றார்.

சைதூன் தலையை ஆட்டினாள். பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பிரித்த துணியைப் பல்லால் கடித்து இழுத்துத் திரும்பவும் கட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சுல்தான் பீவி, "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று ஆசையோடு கேட்டாள்.

"இன்னும் நாளாவுமாம், அக்கா."

நாலு நாள் போகட்டும், பிறகு மாவு பிசையலாம் என்று நினைத்தாள். நாலு நாள் கழித்து, பெரிய வீட்டு ரஜாயில் சுல்தான் பீவி தலைமாட்டில் உட்கார்ந்தாள் என்ற சேதி வந்தது. வரிசை பாம்பு மாதிரி நெளிந்ததாம். அந்தத் தெருவில் ஒருத்திகூட, சைதூன் கை தேறட்டும், காத்திருப்போம் என்று சொல்லவில்லை. சைதூன் கட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். விரல் உள்ளுக்குள் மரத்துப்போவது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ராத்திரி படுக்கும்போது அசைத்துப் பார்த்தால், துரு ஏறிய தாழ்ப்பாள்போல் ஒரு முரண்டு. மத்தியானம் சுல்தான் பீவி குனிந்து முள் எடுப்பதைப் பார்த்ததும் அந்தப் பயம் மறந்துவிடும். சோற்றைவிட அது ருசியாக இருந்தது.

சித்திரையில் சுல்தான் பீவியின் மகள் பதருன்னிசாவுக்குக் கருங்குழியில் இடம் முடிந்தது. மாப்பிள்ளையின் தாயார் நிச்சயத்துக்கு வந்து, பலகாரத்தைக் கையில் எடுக்கும் முன்பே, "எங்க சொந்தத்துல ஒரு வூட்டுக்கு உங்கூரு ரஜாய் வந்துகீது. சைதூன்னு ஒருத்தவங்க தலைத்தையலாமே. பதருக்கும் அவங்களே தைக்கட்டும்," என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள் இருந்தது.

மறுநாளே சுல்தான் பீவி சைதூனை இழுத்துக்கொண்டு செங்கற்பட்டுக்குப் பஸ் ஏறினாள். வேண்டாம் அக்கா, தானா ஆறும் அக்கா என்று சைதூன் சொன்னது எதுவும் செல்லவில்லை.

டாக்டர் கட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எடுக்கச் சொன்ன கட்டும்மா இது." விரலைப் பிடித்து மடக்கினார். பாதியில் நின்றது. சைதூன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இன்னைக்கே ஆரம்பிச்சா இந்தப் பாதி உருப்படியா நிக்கும். மீதிப் பாதி போனது போனதுதான்," என்றார்.

சைதூன் வெளியே வந்து பஸ் ஏறினாள். தன் விரலில் பாதியைத் தானே தின்றுவிட்டோம் என்பது ஏரிக்கரையைத் தாண்டும்போதுதான் உறைத்தது. அந்தப் பாதி விரலும் சுல்தான் பீவியின் தலையில்தான் விடியவேண்டும் என்று அந்த ஜன்னலோரத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

பஸ் திருப்போரூரை நெருங்கும்வரை அடக்கிக்கொண்டிருந்த சுல்தான் பீவி, அதற்குமேல் முடியாமல் ஆரம்பித்தாள்.

"காரப்பொடிக்கு முள்ளு எடுத்தேனேடி. உலகத்துலயே காரப்பொடிக்கு முள்ளு எடுத்தவ நான் ஒருத்திதான்டி."

"நீ ஆக்குற கொயம்ப தொண்ணூறு நாள் துன்னுகினு இருந்தேனே, அது மட்டும் லேசா?"

முன்சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சுல்தான் பீவிக்கு இன்னும் ஏறியது.

"ரெண்டு மாசமா ஆறின கைய கட்டி வெச்சுகினு ஏமாத்திகீற. இன்னா நெஞ்சுடி உனக்கு."

"உன் ஊசி மொட்டையா வந்துச்சே, அத யாருகிட்ட சொன்ன நீ?"

சுல்தான் பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "தெரியுமா?" என்றாள்.

"கை கீறின அன்னைக்கே தெரியும்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா இன்னா பண்ணுவ? தெரியாம ஆய்ப்போச்சு சைதூனுன்னு ஒரு வார்த்த, ரெண்டு சொட்டுக் கண்ணீரு. அதுக்குள்ள அடங்கிப்போற வலியா இது?"

சுல்தான் பீவியின் குரல் இறங்கியது. "பதருக்கு மட்டும் தைச்சுக் குடு. அப்புறம் நீ சொல்றதக் கேக்கறேன்."

"இப்பவே கேளு. தைக்க உக்கார்ற அன்னைக்கு, எல்லார் முன்னாலயும் நீயே உன் வாயால சொல்லணும்."

அன்றிலிருந்து சைதூன் மாவு உருட்டினாள். நூறு அல்ல, ஐந்நூறு. வலியில் அவள் போட்ட கூச்சலுக்குக் கட்டுமரங்கள் திசை தப்பின என்று சொல்வது கொஞ்சம் அதிகம். கடற்கரையில் நாய்கள் ஊளையிட்டது மட்டும் உண்மை. நல்லெண்ணெயைச் சூடாக்கி விரலை நீவிவிட்டவள் சுல்தான் பீவி. நீவும்போது கொஞ்சம் பலமாகவே நீவினாள். தொண்ணூறு நாளில் அவளுக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

ரஜாய் விரிக்கிற நாள் வந்தது. சைதூன் கட்டில்லாத கையோடு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஏழு பெண்களும் சுற்றி உட்கார்ந்ததும் சுல்தான் பீவியைப் பார்த்தாள். சுல்தான் பீவி தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"கடைசில கீற சந்திரம்மாவுக்குக் கேக்கலியாம், அக்கா."

இன்னொரு தடவை சொன்னாள். அதுவும் கேட்கவில்லை என்று சைதூனே சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை சுல்தான் பீவி தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்: "என் ஊசிதான் உடைஞ்சுது. முனை உள்ள கீதுன்னு தெரிஞ்சும் நான் சொல்லல."

சைதூன் கண்ணை மூடிக்கொண்டாள். தொண்ணூறு நாள் காத்திருந்து வாங்கிய சுகம் உச்சந்தலையிலிருந்து இறங்கியது, கழுத்துவரைதான் இறங்கியிருக்கும்.

"இத ஏம்மா இப்ப சொல்லிகினு," என்றாள் சந்திரம்மா. "நூலுல கோத்தவளே நான்தான. இவ கையில குத்தினப்புறம் எடுத்துப் பாத்தா மொட்டை, அன்னைக்கே எல்லாருக்கும் சொன்னேனே. காலாகாலத்துல கோடு போடும்மா, வெயிலு ஏறுது."

சைதூன் கண்ணைத் திறந்தாள். மற்ற ஐந்து பேரும் நூலை நீவுவதில் மும்முரமாக இருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அந்த மொட்டை ஊசிக்காரியைத் தலைமாட்டில் உட்காரவைத்துப் பெரிய வீட்டு ரஜாயைத் தைத்திருக்கிறார்கள்.

"அப்பிடியா," என்றாள்.

சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள். வரிசைக்கு வரிசை மூன்று விரல் இடைவெளி விடுவதுதான் வழக்கம். சைதூன் ஒரு விரல் விட்டாள், அதுவும் சுண்டுவிரல். தலைத்தையல் போட்ட கோட்டை மாற்றச் சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. ஏழு பேரும் அந்தக் கோடுகளைப் பார்த்தார்கள். சுல்தான் பீவி மனத்துக்குள் எண்ணிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் வேலை ஐந்து நாளாகியும் முடியவில்லை. எட்டாம் நாள் மத்தியானம் ஒருத்தி விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள், ஒருத்தி வீட்டில் கைக்குழந்தை அழுகிறது என்று சொல்லிப் பார்த்தாள். அவள் கடைசிக் குழந்தைக்குத் தறி நெய்யப் போகிற வயசு. சைதூன் யாரையும் எழவிடவில்லை. தானும் எழவில்லை. மடங்காத விரலை ஊசிமேல் சாய்த்து, ஆள்காட்டி விரலால் தள்ளித் தள்ளித் தைத்தாள். ஒவ்வொரு தையலுக்கும் வலி தோள்வரை ஏறியது. முகத்தில் காட்டவில்லை. அவள் வரிசை பழையபடி நேராக இல்லை, லேசாகச் சாய்ந்துதான் போனது. மற்ற ஏழு பேரும் அந்தச் சாய்வை அப்படியே பின்பற்றும்படி ஆனது.

பத்தாம் நாள் முடிந்தபோது ரஜாய் பலகைபோல் இருந்தது. கருங்குழியில் அதை மடிக்க நாலு பேர் வேண்டியிருந்ததாம். மழைக்காலத்தில் சுவரில் சாய்த்து வைத்தால் நிற்குமாம். மாப்பிள்ளையின் தாயார் இவ்வளவு நெருக்கத் தையலை எங்கேயும் பார்த்ததில்லை என்று பூரித்து, தன் அக்கா வீட்டுப் பெண்ணுக்கும் இதேபோல் ஒன்று வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

சேதி கொண்டுவந்த சுல்தான் பீவி தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"வரச் சொல்லு, அக்கா," என்றாள் சைதூன். "அதே ஏழு பேரையும்."