மருமகள் ஊரில் இல்லாத சம்பள நாள்

டெல்லியில் மெட்ரோ ஜனக்புரிக்கு வந்திருந்த புதிது. சிறு நிறுவனங்களுக்குப் போய், எங்கள் வங்கியின் இணையதளத்தை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அப்போது என் வேலை. பார்க்கலாம், எழுதலாம், சொல்லித் தரக் கூடாது, மவுஸைத் தொடக் கூடாது. தாளின் நடுவே கோடு போட்டிருப்பேன்: இடப்பக்கம் செய்தது, வலப்பக்கம் சொன்னது. அந்தத் தாள்களை இன்றும் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அடிக்கடி பிரிப்பது மாயாபுரித் தாள் இருக்கும் கட்டைத்தான்.

மாயாபுரியில் நான் போனது ஓர் இரும்புப் பட்டறைக்கு. கணக்கை நிர்வகிக்கும் உரிமை முதலாளியின் மருமகளுக்கு மட்டும். நான் போன அன்று அவள் தம்பி கல்யாணத்துக்கு ஜெய்ப்பூர் போயிருந்தாள். அன்றுதான் சம்பள நாள். உரிமையைச் சில நாளைக்கு இன்னொருவருக்கு மாற்ற, கிளைக்கு விண்ணப்பம் போய்வர இரண்டு வாரமாகும். அதனால் பாஸ்வேர்டையே மாமனாரிடம் போனில் சொல்லிவிட்டாள். கணக்கு பட்டறைக் கம்ப்யூட்டரில் மட்டுமே திறக்கும்; சம்பளம் போகாவிட்டால் மத்தியான பஸ்ஸில் அவளே திரும்ப வேண்டும். மாப்பிள்ளை ஊர்வலமோ மாலையில்.

“பாப்பாஜி, இடது பக்கம் பாருங்கள்” என்றாள் போனில் மாமனாரிடம்.

“எந்த இடது, பேட்டா? என்னுடையதா, கம்ப்யூட்டருடையதா?” என்றார், மகளைக் கூப்பிடுவதுபோல.

அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டுவார். பாதியில், நேரமாகிவிட்டதென்று பக்கம் தானாக மூடிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து. போனில் கல்யாண வீட்டு டோலக் மேளச் சத்தம். யாரோ அவளை “ஜல்தி” என்று அவசரப்படுத்திக் கூப்பிட்டார்கள்.

“மேடம்ஜி, நீங்கள் வங்கி ஆளா, கோயில் சிலையா?” என்றார் என்னிடம்.

“பார்க்க மட்டும்தான் அனுமதி, அங்கிள்ஜி.”

“சிலைகூட எப்போதாவது வரம் தரும்!”

போனில் அவள் சிரித்தாள். பிறகு மெதுவாக, “விடுங்கள் பாப்பாஜி, நானே வந்துவிடுகிறேன்” என்றாள்.

அவர் கண்ணாடியைக் குர்தாவில் துடைத்துக்கொண்டார். காலி மிட்டாய்ப் பெட்டியின் மூடியைத் திருப்பி வைத்து, “எல்லாவற்றையும் முதலில் சொல்லு. எழுதிக்கொண்டு அப்புறம் திறக்கிறேன்” என்றார். கொட்டை எழுத்தில் எழுதினார். இந்த முறை தேடவில்லை, மூடியைப் பார்த்துத் தட்டினார். சம்பளம் போய்விட்டதாகத் திரையில் பச்சை எழுத்து வந்தது.

“பஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போடு, பேட்டா. போய் ஊர்வலத்தில் ஆடு!”

பாஸ்வேர்டைச் சொன்னது வாடிக்கையாளரின் தவறு என்றார்கள் எங்கள் கூட்டத்தில். நான் தாளின் வலப்பக்கத்தில் எழுதியிருந்த அவர்கள் பேச்சை அப்படியே வாசித்தேன். சிரிப்பு அடங்கியதும் அதைச் சரிசெய்யும் வேலை தொடங்கியது.

அடுத்த ஆண்டு, விடுப்பில் போகிறவர் பொறுப்பை மாற்றிக் கொடுக்கும் வசதி வந்தது. அதைக் காட்ட அந்தப் பட்டறைக்குப் போனேன். அங்கேயே மருமகள் மாமனார் பெயரைப் பதிந்தாள்.

“எங்கே கிளம்பிவிட்டாய்?” என்றார் அவர்.

“அம்மா வீட்டுக்கு. இந்த முறை போனை அணைத்து வைக்கப்போகிறேன், பாப்பாஜி.”